ரங்கசாமி வீட்டு ஹாலில் அடைத்துக்கொண்ட கான்கிரீட்

சென்ற மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, பெரியநாயக்கன்பாளையத்தில் நான் கான்கிரீட் சுமந்தேன். ஆமாம், நானேதான். கட்டுரை எழுதிப் பிழைக்கிற இந்தக் கைகளால், இரும்புச் சட்டியில். தோள்பட்டை வலி போகவே பல நாள் ஆயிற்று. ஆனாலும் சொல்கிறேன்... அப்படி ஒரு ஞாயிறு எனக்கு வாய்த்து ரொம்ப வருஷம் ஆகிறது.

அன்றைக்கே எழுதியிருப்பேன். கூரைக் கான்கிரீட்டைத் தாங்குகிற சென்ட்ரிங் பலகையைப் பிரிக்கும்வரை வாயைத் திறக்கக் கூடாது என்று, நாத்தனார் என்றும் பாராமல், தம்பி மனைவி சுமதி தடை போட்டுவிட்டாள். முந்தாநாள் பிரித்தாயிற்று. இனி யார் தடுத்தாலும் நான் நிற்க மாட்டேன்.

‘உங்களுக்குக் கோபப்பட மட்டும்தான் தெரியுமா?’ என்று கேட்கிற வாசகர்களே — கோபம் இதிலும் வரும். நடந்தது அப்படி. என்ன செய்வது?

என் தம்பி சண்முகத்துக்கு லேத் பட்டறை. வீடு ஒரு சந்துக்குள். பத்திரத்தில் அது வீதி. ஆனால் இரண்டு பக்கமும் ஆளாளுக்கு வாசற்படியை வெளியே இழுத்து, பைக் ஏற்றச் சாய்தளம் போட்டு, அதன் ஓரத்தில் செம்பருத்தித் தொட்டியும் வைத்துவிட்டார்கள். கேட்டால், எல்லாரும்தானே போட்டிருக்கிறார்கள் என்பார்கள். என்ன ஒரு நியாயம்! எதிரெதிரே இரண்டு பைக் வந்தால் ஒன்று பின்னால் போக வேண்டும். கான்கிரீட் லாரி எப்படி உள்ளே வரும்?

கீழ்வீட்டைக் கெடுத்ததும் இந்தச் சந்துதான். அதைக் கட்டிய வருஷம் கலவை மெஷின் உள்ளே வரவில்லை. தெருமுனையில் கையால் கலந்து, தலையில் சுமந்து, பாதித் தளம் போடுவதற்குள் இருட்டிவிட்டது. மீதியை மறுநாள் போட்டார்கள். நேற்றுக் காய்ந்த கான்கிரீட்டும் இன்று போட்ட கான்கிரீட்டும் சரியாக ஒட்டாது. ஹால் கூரையின் நடுவில் சுவருக்குச் சுவர் ஒரு கோடு விழுந்தது. மழை பெய்தால் அந்தக் கோட்டில் தண்ணீர் வரிசையாகச் சொட்டும். கடையில் விற்கிற எல்லாப் பசையையும் அடைத்துப் பார்த்தாகிவிட்டது. சுமதி வாளியை நகர்த்தி நகர்த்தி வைத்தே களைத்துப் போனாள்.

எனவே மாடி கட்டத் தொடங்கும்போதே அவள் ஒரே நிபந்தனைதான் போட்டாள்.

“தளத்தை ஒரே மூச்சுல போடுங்க. இதுலயும் கோடு வுழுந்துதுன்னா நான் மேல குடி வர மாட்டேன்.”

சும்மா சொல்லவில்லை. அவளை எனக்குத் தெரியும்.

ஒரே மூச்சில் போட வேண்டுமென்றால் கான்கிரீட்டைக் கலந்தே கொண்டுவருகிற ரெடிமிக்ஸ் லாரிதான் வழி. லாரி சந்துக்குள் வராது. யானைத் தும்பிக்கை மாதிரி நீண்டு வருகிற பெரிய பம்பு வைக்கலாமென்றால், மேலே கரண்ட் கம்பி. கடைசியில், பின்பக்கத்து அகலமான வீதியில் லாரியையும் சின்ன பம்பையும் நிறுத்தி, அங்கிருந்து தரையோடு இரும்புக் குழாய் போட்டுக் கொண்டுவரலாம் என்று முடிவாயிற்று. நடுவில் ஒரு வீடு. தீவன வியாபாரம் செய்யும் ரங்கசாமியின் வீடு. குழாய் அவர் முன்வாசலில் நுழைந்து, ஹாலைக் கடந்து, பின்வாசலில் வெளியேறி, தம்பி வீட்டு மாடிக்கு ஏற வேண்டும்.

அவரோ அப்போதுதான் ஹாலுக்குப் புது டைல்ஸ் போட்டிருந்தார். வெள்ளை வெளேரென்று. ஆனாலும் மறுக்கவில்லை. ஒரு சொட்டு கீழே விழாமல் பார்த்துக்கொள்ளச் சொல்லி, சாக்கையும் தார்ப்பாயையும் அவரே எடுத்து விரித்துக் கொடுத்தார்.

காலையில் வேலை தொடங்கியது. நான் கை தட்டினேன், வெட்கமே இல்லாமல்! மெஷின் ஒவ்வொரு முறை மூச்சு விடும்போதும் குழாய் ஒரு குதி குதிக்கிறது. ரங்கசாமி டிவி சத்தத்தைக் கூட்டி வைத்துக்கொண்டு, குழாய்க்கு இந்தப் பக்கம் நாற்காலி, அந்தப் பக்கம் கால் என்று உட்கார்ந்திருக்கிறார். மாடியில் குழாய் வாய் கான்கிரீட்டைக் கொட்டுகிறது. மேஸ்திரியின் ஆட்கள் கணுக்கால் புதைய நின்று இழுத்துப் பரப்புகிறார்கள். அன்று நாளெல்லாம் சுமந்தும் முடியாத வேலை, இன்று டீ ஆறுவதற்குள் பாதித் தளம்! முதல் லாரி காலியாகிவிட்டது. இரண்டாவது லாரி வந்துகொண்டிருந்தது.

இந்த இடைவெளியில்தான் என் தம்பி தன் புத்தியைக் காட்டினான்.

எங்கள் பக்கத்தில் ரூஃப் கான்கிரீட் என்றால் கறிச்சோறு போட வேண்டும். கல்யாணத்துக்கு அழைப்பது போல உறவுகளை அழைப்பார்கள். காரமடையிலிருந்து, வெள்ளகோவிலிலிருந்தெல்லாம் வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு வந்திருந்தார்கள். வேலை செய்கிறவர்களுக்கும் வயிறு நிறையப் போட வேண்டும். நல்ல வழக்கம்தான். யார் இல்லை என்றது? எப்போது போடுவது என்றுதான் கேட்கிறேன்.

பம்பு ஓட்டுகிறவர் பெயர் மூர்த்தி. சண்முகம் அவரிடம் போய்ச் சாப்பிட வரச் சொன்னான். குழாய் முழுக்கச் சரக்கு நிற்கிறது, வெயில் ஏறுகிறது, நடுநடுவே மெஷினை ஓட்டி அசைத்துக்கொண்டே இருக்க வேண்டும் என்று அவர் மறுத்தார். சரியாகத்தான் மறுத்தார். இவன் விடவில்லை. மறுபடி கூப்பிட்டான். அவர் மறுபடி மறுத்தார். அப்புறம் கேட்டான் பாருங்கள்:

“ஏனுங்க, எங்க ஊட்டுல கை நனைக்க மாட்டீங்களா?”

இதற்கு மேல் எந்தக் கொங்கு நாட்டு மனிதர் நின்ற இடத்தில் நிற்பார்? போய் இலையில் உட்கார்ந்துவிட்டார். உட்கார்ந்தவருக்கு மறு சோறு, மறு கறி. போதும் என்று கையால் மறித்தால், மறித்த கையைத் தள்ளிவிட்டு வைக்கிறார்கள். அதற்குள் இரண்டாவது லாரி வந்தது. வந்த டிரைவரையும் இழுத்து உட்கார வைத்துவிட்டார்கள். எங்கள் ஊரில் ‘வேண்டாம்’ என்ற வார்த்தை இருக்கிறது... மதிப்புதான் இல்லை.

உறவுக்காரர்கள் காத்திருப்பார்கள். கல்யாணத்தில் சம்பந்திகூடக் காத்திருப்பார். கான்கிரீட் காத்திருக்குமா?

மூர்த்தி கை கழுவிவிட்டு வந்து பம்பைப் போட்டார். குழாய் ஒரே ஒரு குதி குதித்து நின்றுவிட்டது. மெஷின் உறுமியது. அவர் பம்பை நிறுத்தினார். சுத்தியலை எடுத்துக்கொண்டு குழாயைத் தட்டிக்கொண்டே போனார். கணீர், கணீர் என்று வந்த சத்தம், ரங்கசாமி வீட்டு ஹாலில் ‘டப்’ என்று அடங்கியது. சரியாக வளைவில்.

ஹாலுக்குள் வளைவு எதற்கு என்கிறீர்களா? முன்வாசலும் பின்வாசலும் நேராக இருந்தால் குழாய் நேராகப் போயிருக்கும். யாரோ வாஸ்து பார்த்துச் சொன்னார் என்று பின்வாசலைத் தள்ளி வைத்திருந்தார் மனிதர். செல்வம் வெளியே போகாமல் நிற்குமாம். கான்கிரீட் நின்றுவிட்டது.

அன்று முதல் தடவையாக ரங்கசாமி டிவியை அணைத்தார்.

மாடியிலிருந்து மேஸ்திரி சத்தம் போட்டார். போட்ட பாதியின் விளிம்பு இறுக ஆரம்பித்துவிட்டது, ஈரச் சாக்கைப் போட்டு மூடியிருக்கிறேன், ரொம்ப நேரம் தாங்காது என்றார். மேலே ஓடினேன். சுமதி அந்த விளிம்புக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தாள். யாரையும் திட்டவில்லை. விளிம்பையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

கீழே வந்தால், காரமடை மாமா ஒருவர் தோட்டத்துக் குழாயோடு லாரிப் பக்கம் போய்க்கொண்டிருக்கிறார். கொஞ்சம் தண்ணீர் விட்டால் இளகிவிடுமாம். பிடுங்கி வீசினேன். தண்ணீர் விட்டால் ஓடத்தான் செய்யும். காய்ந்த பிறகு அதில் பலம் இருக்குமா? நன்றாகக் கத்திவிட்டேன். வயதில் பெரியவர்தான். அதனால் என்ன?

குழாயைப் பிரித்துக் குத்தி எடுக்க வேண்டும், ஹாலில் வைத்துத்தான் பிரிக்க முடியும், நேரம் ஆகும் என்றார் மூர்த்தி. எல்லாரும் ரங்கசாமியைப் பார்த்தோம். ரங்கசாமி டைல்ஸைப் பார்த்தார். சண்டைதான் வரப்போகிறது என்று நான் நினைத்தேன்.

“பாத்துட்டு நின்னா ஆகுமுங்களா? பிரிங்க,” என்றார். “அதுவரைக்கும் சும்மா நிக்காதீங்க. ரெண்டு கதவையும் அகலத் தொறந்து வுடுங்க. சட்டியில வாங்கி என்ற ஊட்டு வழியாவே தூக்கிரலாம்.”

யார் தூக்குவது? மேஸ்திரியின் ஆட்கள் மாடிக்கே போதவில்லை. தம்பி வீட்டு முன்வாசலில் பார்த்தேன் — விருந்துக்கு வந்த கூட்டம், வெற்றிலை போட்டுக்கொண்டு, அடடா அடடா என்று வருத்தப்பட்டுக்கொண்டு நின்றது. எனக்கு வந்ததே கோபம்! வேட்டியை மடித்துக் கட்டுங்கள் என்று போட்ட சத்தம் மேட்டுப்பாளையம் ரோடு வரைக்கும் கேட்டிருக்கும்.

கட்டினார்களே!

லாரியிலிருந்து ஹால், ஹாலிலிருந்து பின்வாசல், படிக்கட்டு, சாரம், மாடி... ஆளுக்கு ஆள் கை எட்டும் தூரத்தில் ஒரு வரிசை. சட்டி போதவில்லை. சுமதி கீழே இறங்கி வந்து சமையல் செய்த இடத்தையே காலி செய்துவிட்டாள். குழம்பு வாளி, அண்டா மூடி, துணி ஊறவைக்கிற பேசின். ரங்கசாமி தன் கடையைத் திறந்து தீவனம் அள்ளுகிற சட்டிகளைக் கொண்டுவந்து போட்டார். பட்டுச்சேலை கட்டிய அத்தை, பட்டறை ஆட்கள், லாரி டிரைவர், நான். எனக்கு இடம் படிக்கட்டுத் திருப்பத்தில்.

காரமடை மாமா எனக்குக் கீழ்ப்படியில் நின்றார். ஒவ்வொரு சட்டியையும் இரண்டு கையாலும் பணிவாக நீட்டினார். சமையலுக்கு வந்த அம்மாவுக்குப் பொறுக்கவில்லை.

“ஏனுங்க, பாயசமா ஊத்தறீங்க? வெரசாக் குடுங்க.”

“வாங்கற அம்மணி இப்பத்தான் என்னை வஞ்சுபோட்டு நிக்குதுங்க. மரியாதையாத்தானே குடுக்கோணும்?” என்றார் மாமா. வரிசை முழுக்கச் சிரித்தது. நானும்தான்.

ஹால் மூலையில் மூர்த்தி, பிரித்த வளைவுக்குள் கம்பியை விட்டுக் குத்திக்கொண்டிருந்தார். எல்லாம் என்னாலதானுங்க என்று ஒரே புலம்பல். சண்முகம் காலிச் சட்டிகளை லாரிக்குத் திருப்பிக் கொண்டுபோகும்போதெல்லாம் அங்கே நின்று, இல்லீங்க, என்னாலதானுங்க என்பான். அவர் மறுப்பார். இவன் மறுபடி மறுப்பான். மரியாதைக்கு ஒரு அளவு வேண்டாமா?

“தப்பை அப்பறமாப் பங்கு போட்டுக்குங்க. சட்டியப் புடிடா,” என்று படிக்கட்டிலிருந்தே கத்தினேன்.

மாடியில் மேஸ்திரி ஈரச் சாக்கை எடுத்துவிட்டு, விளிம்போடு விளிம்பாகப் புதுக் கலவையைக் கொட்டி, கலவையை அதிரவைத்து இறுக்குகிற வைப்ரேட்டரை இரண்டுக்கும் நடுவில் இறக்கினார். சொர்ரென்று சத்தம். பழையதும் புதியதும் கலங்கி ஒன்றாவதை ஓர் எட்டு மேலே ஏறி என் கண்ணால் பார்த்தேன். திரும்பவும் மேலே வந்து நின்ற சுமதி முதல் தடவையாக உட்கார்ந்தாள்.

கொஞ்ச நேரத்தில் மூர்த்தி குழாயைப் பூட்டிவிட்டு வந்து, பம்பு ரெடி என்று அறிவித்தார். யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. கைக்குக் கை சட்டி போய்க்கொண்டிருந்தது. நின்றால் தாளம் கெட்டுவிடும்! அவரும் மூன்று தடவை சொல்லிப் பார்த்துவிட்டு, வரிசையில் ஒரு இடைவெளி தேடி நின்றுகொண்டார். கடைசிச் சட்டி அவர் கையிலிருந்துதான் மேலே போனது.

காலையில் பந்தி இரண்டாகப் போட்டிருந்தார்கள். உறவுகளுக்கு வீட்டுக்குள். வேலைக்காரர்களுக்கு வெளியே, சாமியானாவில். இது எங்கள் பக்கத்தில் யாரும் பேசாத ஏற்பாடு. எனக்கு எப்போதும் பற்றிக்கொண்டு வரும். வேலை முடிந்த பிறகு எல்லாருக்கும் மறுபடி பசி. கால் நடுங்கிப்போன மாமா, எங்கே இடம் இருந்ததோ அங்கே, மேஸ்திரிக்கும் மூர்த்திக்கும் நடுவில் பொத்தென்று உட்கார்ந்தார். அவரைப் பார்த்து மற்ற வேட்டிகளும் உட்கார்ந்தன. கொள்கைக்காக அல்ல. எழுந்து உள்ளே போகத் தெம்பில்லை. எந்தக் காரணமாக இருந்தால் என்ன... உட்கார்ந்தார்களா இல்லையா?

முந்தாநாள் பலகையைப் பிரித்தார்கள். சுமதி மாடித் தரையில் மல்லாந்து படுத்துக்கொண்டு, டார்ச் லைட் அடித்துக் கூரையைச் சுவருக்குச் சுவர் தேடினாள். எழுந்து சேலையைத் தட்டிக்கொண்டாள்.

“பால் காய்ச்ச நாள் பாருங்க,” என்றாள். அவ்வளவுதான்.

நான் ஊருக்குக் கிளம்பும்போது ரங்கசாமி வாசலில் மறித்தார். அவரும் மாடி எடுக்கப் போகிறாராம். அவர் வீடு அகலமான வீதியில் இருக்கிறது. லாரி வாசலுக்கே வரும். எந்தப் பம்பு சொல்லியிருக்கிறீர்கள் என்று கேட்டேன்.

“பம்பு எதுக்குங்க? அதுதான் நீங்கெல்லாம் இருக்கறீங்களே,” என்றார்.

அய்யா ரங்கசாமி, இதைப் படிப்பீர்கள் என்று தெரியும். கட்டாயம் வருகிறோம், முன்வரிசையில் நிற்கிறோம். ஆனால் தயவு செய்து பம்புக்குச் சொல்லிவிடுங்கள். எங்களுக்குக் கை இரண்டுதான்!