இன்ஜின் ஓடாத ஆம்புலன்ஸ், பெரிய தெரு வழியாக

பின்கதவைத் திறந்ததும் பெட்ரோலும் வாடின சாமந்தியும் கலந்து ஒரு வாசனை வந்தது பாருங்கள்... எழுபதுகளின் கடைசி அது. இன்றைக்கும் பூக்கடையைத் தாண்டும்போது எனக்கு அந்த வண்டிதான் ஞாபகம் வரும்.

அப்போது தஞ்சாவூரில் எனக்கு வேலை. பழைய கார்களைத் தேடிப் பிடித்து மெட்ராஸ் பணக்காரர்களுக்கு விற்கும் ஒரு முதலாளியிடம். சாதாரணக் காரெல்லாம் அவருக்குத் தூசு. ஆம்புலன்ஸ், சவ வண்டி என்று வேலைக்காகவே கட்டின வெளிநாட்டு வண்டி எங்கே கிடக்கிறது என்று மொபெட்டில் ஊர் ஊராக அலைவேன்.

நில உச்சவரம்புச் சட்டத்துக்குப் பயந்து மிராசுதார்கள் விற்றுவிட்டுப் பட்டணம் போய்க்கொண்டிருந்த காலம். கொட்டகைகளில் ஏதாவது ஒரு கார் தூங்கிக்கொண்டிருக்கும்.

இந்த ஆம்புலன்ஸ் இருந்தது தஞ்சாவூர் ஜில்லாவில் ஏதோ ஒரு கிராமத்தில். மிராசுதார் தன் அம்மாவை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வாங்கினது. நீண்ட உடம்பு, மங்கல் கண்ணாடி... உள்ளே ஸ்ட்ரெச்சர்கூட அப்படியே. அவர் ஊரைவிட்டுப் போகும்போது, அவர் வயலில் கூலி வேலை பார்த்த காலனிக்காரர்கள் சேர்ந்து வாங்கிவிட்டார்கள். சாவி அஞ்சலை அக்காவின் முந்தானையில். விவசாயத் தொழிலாளர் சங்கத்துக்கு அந்த ஊரில் அவர்தான் எல்லாம்.

"விக்க மாட்டோங்க," என்றார், நான் வாயைத் திறக்கும் முன்பே.

ஏன் என்று கேட்டேன்.

காலனியில் யாராவது செத்தால் பெரிய தெரு வழியாகப் பாடை போகக் கூடாது. வயலில் இறங்கிச் சேற்றில்தான் சுடுகாட்டுக்குப் போக வேண்டும். சண்டை முற்றி, அதிகாரிகள் வந்து பேசி, ஒரு முடிவு எழுதினார்கள். தோளில் தூக்கிப் போகக் கூடாது, வண்டியில் வைத்துப் போகலாம். பெரிய தெருக்காரர்கள் உடனே சரி என்றார்கள். இவர்களுக்கு ஏது வண்டி என்ற தைரியம்தான்.

"அந்த வாரமே வாங்கிட்டோம்ல," என்றார் அக்கா.

நான் போன அன்று காலையில்தான் அங்கே ஒரு பெரியவர் இறந்திருந்தார். சம்பா நடவு முடிந்து வயலெல்லாம் தண்ணீர். உடலை வண்டியில் ஏற்றியாயிற்று. சாவியைத் திருப்பினால்... ம்ஹூம். நானும் பானெட்டைத் திறந்து பார்த்தேன். பெட்ரோல் பம்ப் போயிருந்தது. பார்ட் வாங்கத் தஞ்சாவூருக்குத்தான் போக வேண்டும்.

பெரிய தெரு முனையில் கைகட்டி நின்றவர்களில் ஒருவர் சொன்னார், "அதான் ஓடலையே. வயல்ல எறங்குங்க."

அஞ்சலை அக்கா திரும்பிப் பார்த்தார்.

"வண்டியில போகலாம்னுதான எழுதியிருக்கு. இன்ஜின் ஓடணும்னு எங்க எழுதியிருக்கு? தள்ளுங்கப்பா."

காலனியே தள்ளியது. அதுவரை அந்தத் தெருவில் டிரைவரும் பிணமும் மட்டும்தான், மற்றவர்கள் வயலில் இறங்கித்தான் போவார்கள். அன்றைக்கு ஆம்பளை, பொம்பளை அத்தனை பேரும் வண்டியைப் பிடித்துக்கொண்டு நடந்தார்கள், முன்னால் பறை அடித்துக்கொண்டு. தடுக்க நினைத்தவர்கள் ஓரமாக ஒதுங்கினார்கள். வண்டிதானே போகிறது?

நானும் தள்ளினேன். "தம்பி, நீங்க எதுக்கு?" என்று ஒரு வீட்டு வாசலிலிருந்து குரல் வந்தது. நான் கையை எடுக்கவில்லை.

மறுநாள் பம்ப் வாங்கிப் போய் மாட்டிக் கொடுத்தேன். முதலாளியிடம், "துருப்பிடிச்சுப் போச்சு சார், ஒண்ணுக்கும் ஆகாது" என்றேன். அதற்காக அன்றைக்கும் வருத்தப்படவில்லை, இன்றைக்கும் இல்லை.

இப்போது போன் செய்தால் அமரர் ஊர்தி வந்துவிடுகிறதாம். சுடுகாட்டுக்கு சிமெண்ட் ரோடும் போட்டுவிட்டார்கள்... காலனிக்கென்று தனியாக, வயல் ஓரமாக, பெரிய தெரு பக்கமே வராமல். அமரர் ஊர்தியும் அதில்தான் போகுமாம். அந்த ரோட்டில் போக மாட்டோம் என்கிறார் அஞ்சலை அக்காவின் மகள். இன்னமும் அந்த வண்டிக்கு பேட்டரி மாற்றி வைத்திருக்கிறார்.

நம் பழைய கார் வாட்ஸ்அப் குரூப்பில் நான் போட்ட அந்த வண்டியின் போட்டோவைப் பார்த்துவிட்டு, எந்த ஊர், லொகேஷன் அனுப்பு என்று ஆளாளுக்குக் கேட்கிறீர்கள். அனுப்ப மாட்டேன்.

அந்த வண்டிக்கு இன்னும் வேலை இருக்கிறது.