லொறி குடிக்காத தண்ணீர்

அந்த லொறியைப் பற்றி யாராவது குறை சொன்னால் எனக்கு இன்றைக்கும் கோபம் வரும். பெரிய யுத்தம் முடிந்த பிறகு கொழும்பில் ஏலத்துக்கு வந்த பழைய வண்டி அது. எங்கள் தோட்டத்துக்கு வரும்போதே அதன் முகப்பு நசுங்கியிருந்தது. நமுனுகுல மலையிலிருந்து தேயிலைப் பெட்டிகளை ஏற்றிக்கொண்டு ஹாலிஎல ஸ்டேஷனுக்கு இறங்குவதும், அரிசி மூட்டைகளோடு திரும்பி ஏறுவதும்தான் அதற்கும் எனக்கும் வேலை. நான் தோட்டத்துக் கூலிக்காரர்கள் குடியிருக்கிற லயத்தில் பிறந்தவன். கவ்வாத்துக் கத்தியோடு தேயிலைச் செடி வெட்டிக்கொண்டிருந்தவன். ஸ்டியரிங் பிடித்ததும் தோட்டத்துத் துரை எனக்கு ஒரு ஜோடி சப்பாத்து கொடுத்தார். அதைப் போட்டுக்கொண்டு லயத்துக்குள் நடக்கும்போது என் தலை கொஞ்சம் நிமிர்ந்துதான் இருக்கும். இருந்தால் என்ன தப்பு?

மழைக்காலம். ஒருநாள் சாயங்காலம் துரையின் கார் படுத்துவிட்டது. நான் ஹாலிஎலவிலிருந்து வந்து லொறியைக் கொட்டகையில் விட்டு, ஆபீசில் கணக்கு ஒப்படைத்துவிட்டு வெளியே வந்தேன். வெள்ளை உடுப்போடு துரை நின்றுகொண்டிருந்தார். பதுளையில் ஏதோ விருந்தாம், லொறியிலேயே போகலாம் என்றார். கிளம்பினோம். முதல் ஏற்றம் முடியுமுன்னே ரேடியேட்டர் மூடியைத் தூக்கிக்கொண்டு ஆவி சீறியது. துருத் தண்ணீர் பக்கத்து ஜன்னல் வழியாக வந்து துரையின் வெள்ளை உடுப்பில் தெறித்தது. விருந்தும் போச்சு, உடுப்பும் போச்சு. மழையில் பங்களாவுக்கு நடந்தே திரும்பினார்.

மறுநாள் காலையில் ஆபீசுக்குக் கூப்பிட்டார்.

"நீ தண்ணி போடலே. பொய் பேசுறே."

"காலையில முட்ட முட்ட ஊத்துனேங்க."

"அப்ப தண்ணி எங்கே? இந்தக் கிழமைக்குள்ளே காட்டு. இல்லே, கவ்வாத்துக்குப் போ."

எனக்கு ரத்தம் கொதித்தது. பெற்ற பிள்ளைக்குச் சோறு போட மறந்தாலும் மறப்பேன், அந்த லொறிக்குத் தண்ணீர் ஊற்ற மறந்ததில்லை. காலையில் எவ்வளவு குறைந்திருந்தாலும், கிழட்டு வண்டி குடித்துவிட்டது என்று நிரப்பிவிடுவேன். ஸ்டியரிங் போனால் போகட்டும், பொய்யன் என்ற பேரோடு போகக் கூடாது. கண்டுபிடித்தே தீருவது என்று இறங்கினேன்.

ரப்பர் குழாய்களை விரலால் அமுக்கிப் பார்த்தேன், வெடிப்பில்லை. பொருத்துகளில் எல்லாம் சுண்ணாம்பைக் குழைத்துப் பூசிவைத்தேன். ஒழுக்கு இருந்தால் சுண்ணாம்பில் துருக்கறை இறங்கும். இறங்கவில்லை. எஞ்சினுக்குள் தண்ணீர் புகுந்தால் எண்ணெய் பால் போல வெளுத்துவிடும். எண்ணெய் கறுப்பாகவே இருந்தது. விளிம்புவரை ஊற்றி ஹாலிஎல போய் வந்து, ஆறவிட்டு மூடியைத் திறந்தால் ஒரு செம்பு குறைந்திருந்தது, அவ்வளவுதான். அன்றைக்கு வண்டியை விட்டு நான் நகரவே இல்லை. இரவு முழுக்க நிறுத்திவைத்துக் காலையில் பார்த்தேன். அப்போதும் குறையவில்லை. ஓடும்போதும் போகவில்லை, நிற்கும்போதும் போகவில்லை. அப்படியானால் நான் வண்டியை விட்டு ஆபீசுக்குப் போய் வருகிற அந்தக் கொஞ்ச நேரத்தில்தான் போயிருக்க வேண்டும்.

மழையில் தரையெல்லாம் ஈரம். சொட்டினாலும் தெரியாது. தேயிலை உலர்த்துகிற ஸ்டோர் அடுப்பிலிருந்து சாம்பல் அள்ளிவந்து கொட்டகைத் தரையில் கனமாகப் பரப்பினேன். அன்று மாலை அதன் மேல் லொறியை விட்டுவிட்டு, வழக்கம்போல ஆபீசுக்குப் போய்த் திரும்பினேன்.

குனிந்து பார்த்தேன். ரேடியேட்டரின் அடியில் தண்ணீர் திறந்துவிடுகிற சின்னப் பித்தளைக் குழாய். அதற்கு நேர் கீழே சாம்பலில் வட்டமாக ஒரு வாளித் தடம். சுற்றிலும் செருப்பில்லாத சின்னச் சின்னக் காலடிகள், வந்ததும் போனதுமாக. வாளித் தடத்தில் ஓரிடம் உள்ளே நெளிந்திருந்தது. அந்த நெளிவை எனக்குத் தெரியும். என் வீட்டு வாளியை நான்தான் ஒருநாள் கல்லில் போட்டு நசுக்கினேன்.

நேரே வீட்டுக்குப் போனேன். வாசலில் என் மனைவியும் லயத்தில் பக்கத்துக் காம்பிராக்களில் குடியிருக்கிற பெண்கள் இரண்டு பேரும் குந்தியிருந்தார்கள். நடுவில் அந்த வாளி, ஆவி பறந்துகொண்டிருந்தது. ஆளுக்கொரு கால் அதற்குள்.

"என் வேலைக்கு உல வச்சுட்டு இங்க காலு கழுவுறீங்களா?" என்று கத்தினேன்.

மற்ற இருவரும் காலை எடுத்துக்கொண்டார்கள். என் மனைவி எடுக்கவில்லை.

"சத்தம் போடாதீங்க. வெறகெல்லாம் நனஞ்சு கெடக்கு. இஸ்டோர்ல சுடுதண்ணி கேட்டா வெரட்டுறாங்க. தண்ணி ஆத்துத் தண்ணி. சூடு மட்டுந்தான் லொறியோடது. அத எப்படியும் காத்துலதான விடப் போறீங்க?"

"தொரை என்னயப் பொய்யன்னு சொல்லிட்டாரு, தெரியுமா?"

"நீங்க திருப்பி ஊத்திருவீங்கன்னுதான எடுத்தோம். அன்னிக்குத் தொரை ஏறுவாருன்னு யாரு கண்டா?" காலைத் தூக்கிக் காட்டினாள். விரலிடுக்கெல்லாம் சேற்றுப்புண், வெளுத்துப் பிளந்திருந்தது. கணுக்காலில் அட்டைக் கடி சீழ் பிடித்திருந்தது. "சப்பாத்துப் போட்ட காலுக்கு இதெல்லாம் எங்க தெரியப் போவுது?"

சுருக்கென்று குத்தியது. குனிந்து என் சப்பாத்தைப் பார்த்தேன்.

மறுநாள் துரையிடம் போனேன். "லொறியில கோளாறு இல்லீங்க. காலுப் புண்ணுக்குப் பொம்பளைங்க சுடுதண்ணி எடுத்திருக்காங்க."

"யாரு? பேர் சொல்லு. அவளுக்குப் பேர் வெட்டுறேன், உனக்கு வேலை இருக்கு."

பேர் வெட்டினால் தோட்டத்தில் வேலை இல்லை, காம்பிரா இல்லை. என் மனைவியின் பேரைச் சொல்ல மாட்டேன் என்பது இருக்கட்டும். மற்றவர்களின் பேரும் என் வாயில் வராது.

"பேரு சொல்ல முடியாதுங்க. தண்ணி எங்க போச்சுன்னு கேட்டீங்க, காட்டிட்டேன். நான் பொய்யன் இல்ல." சுற்றி லொறியைக் கிளப்புகிற இரும்புக் கைப்பிடியை மேசைமேல் டங்கென்று வைத்தேன். சப்பாத்தையும் கழற்றி ஆபீஸ் வாசலிலேயே விட்டுவிட்டு வந்தேன்.

துரை அந்தப் பித்தளைக் குழாயை ஈயம் வைத்து அடைத்தார். பதுளையிலிருந்து புது டிரைவர் வந்தான். நான் மழையில் கவ்வாத்து வெட்டினேன். பழகிய வேலைதான். ஆனால் சப்பாத்துக்குள் இருந்த கால்கள் பழக்கத்தை மறந்துவிட்டன. கொஞ்ச நாளிலேயே விரலிடுக்கில் அரிப்பு, பிறகு பிளவு. ராத்திரி தூக்கம் வராது. மனைவி வேப்பிலை அரைத்துப் போடுவாள், மிஞ்சியதைத் தன் காலில் தடவிக்கொள்வாள். அது இன்னும் வலித்தது.

லொறியும் சும்மா இருக்கவில்லை. ஏற்றத்துக்கு ஏற்றம் ஆவி விட்டது. பெட்டிகள் ஸ்டோரில் தேங்கின. புது டிரைவர் வண்டி கொதிக்கிறபோதெல்லாம் தண்ணீர் ஊற்றிப் பார்த்துவிட்டு, ஒருநாள் சொல்லாமல் ஊர் போய்ச் சேர்ந்தான். காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கிற பெரட்டுக் களத்தில் எல்லோர் முன்னாலும் துரை என்னைக் கூப்பிட்டார்.

"இப்போ யாரும் எடுக்கலே. ஏன் தண்ணி போகுது?"

"மழைக்கால ஆத்துத் தண்ணி சேறுங்க. முந்தி சாயங்காலம் சாயங்காலம் தொறந்து எடுத்தாங்க, சேறும் வெளிய போச்சு. நீங்க அடச்சீங்க, உள்ளயே இறுகிருச்சு. தண்ணி சுத்த எடமில்ல, கொதிக்குது. அடப்ப எடுத்தாத்தான் ஓடும்."

"எடு."

"எடுத்தா பொம்பளைங்களும் தண்ணி எடுப்பாங்க. நான் தடுக்க மாட்டேன். சரின்னா வாரேன்."

 போதும் என்பதுபோலக் கங்காணி என் முதுகில் இடித்தார். துரை என் முகத்தைப் பார்த்தார், பிறகு மலையைப் பார்த்தார். "லொறி ஓடணும். வேற ஒண்ணும் எனக்குத் தெரியாது," என்று சொல்லிவிட்டுப் போனார்.

ஈயத்தைச் சுரண்டி எடுத்தேன். குழம்பு போலச் சேறு கொட்டியது. தெளியும்வரை கழுவிவிட்டு, அன்றைக்கே ஹாலிஎலவுக்கு இறங்கி ஏறினேன். ஓரிடத்திலும் ஆவி விடவில்லை. வந்து கொட்டகைக்குப் போகவில்லை. கொழுந்து நிறுக்கிற இடத்துக்கு முன்னால், பங்களாவிலிருந்து பார்த்தால் தெரிகிற மாதிரி நிறுத்தினேன். என் கையாலேயே குழாயைத் திறந்தேன். கூடைகளோடு நின்ற பெண்கள் யாரும் அசையவில்லை. என் மனைவிதான் நசுங்கிய வாளியோடு வந்தாள். பிடித்தாள். ஆற்றுத் தண்ணீர் கொஞ்சம் கலந்தாள். காலை வைக்கப் போனவள் என் கால்களைப் பார்த்துவிட்டு, வாளியை என் பக்கம் தள்ளினாள்.

"மொதல்ல நீங்க வைங்க."

வைத்தேன். உயிர் போகிற மாதிரி எரிந்தது. கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. பங்களா வாசலில் துரை நின்றுகொண்டிருந்தார். நானும் அவரைப் பார்த்துக்கொண்டே, காலை எடுக்காமல் நின்றேன்.