கண்ணாடி வண்டியின் பிரேக் லைட்

அப்பா இறந்து பத்தொன்பதாவது நாள், காலை பத்து மணிக்கு, அவருடைய பிக்கப் வண்டியின் பின்னால் தரையில் உட்கார்ந்தேன். பிரேக் லைட் இரண்டும் எரியவில்லை. மாலை ஐந்துக்குள் எரிந்தாக வேண்டும்.

காரணம் பட்டறைச் சுவரில் சாய்ந்து நின்றது. ஏழடி உயரத்தில் மூன்று நிலைக்கண்ணாடிகள். அப்பா கடைசியாக அறுத்து, ஓரம் தேய்த்து முடித்தவை. அடிபட்டவர்களையும் பக்கவாதம் வந்தவர்களையும் மறுபடி நடக்கப் பழக்கும் ஒரு மையத்துக்குப் போகவேண்டியவை. அங்கிருந்து பிசியோதெரபிஸ்ட் அம்மாள் முந்தின நாள் போன் செய்தார். துக்கம் விசாரித்தார். பிறகு தயங்கித் தயங்கி, "நாளைக்கு சாயங்காலத்துக்குள்ள வரலைன்னா வேற இடத்துல சொல்லிடறேங்க. தப்பா எடுத்துக்காதீங்க," என்றார். வேறு இடத்தில் சொன்னால் இந்த மூன்றும் துண்டாகும். குளியலறை அளவுக்கு அறுபடும். அது நடக்கக்கூடாது என்று இருந்தேன்.

"லைட் எரியாம வண்டி வாசலைத் தாண்டாது," என்று அம்மா சொல்லிவிட்டாள். "ஒரு நாள்கூட அவர் அப்படி ஏத்தினதில்ல."

அப்பா முப்பத்தோரு வருடம் கண்ணாடி ஏற்றினார். வண்டியின் முதுகில் கூடாரம் போல இரண்டு பக்கமும் சரிந்த மரச்சட்டம். அதில் பழைய கம்பளி. கண்ணாடிகள் முகம் வெளியே பார்க்கச் சாய்ந்து நிற்கும். வண்டி நகர்ந்தால் தெரு அவற்றில் ஏறிக்கொள்ளும். மாடிகள், கொடியில் காயும் துணிகள், மின்கம்பிகள், மேகம் எல்லாம் சத்தமில்லாமல் வழுக்கிக்கொண்டு போகும். சிக்னலில் நின்றால் பக்கத்து பைக்கில் இருப்பவர் தலை வாருவார். பச்சை விழுந்தும் சீப்பு பாதித் தலையில் இருந்தால் அப்பா ஒரு நொடி தாமதிப்பார். நாய்கள் தம்மையே பார்த்துக் குரைத்துவிட்டு, வெட்கப்பட்டதுபோல் திரும்பிப் போகும். பள்ளிக்கூட பஸ்ஸின் ஜன்னலிலிருந்து ஒருமுறை நானே பார்த்திருக்கிறேன். ஒரு துண்டு வானம் கடைத்தெருவில் இடதுபக்கம் திரும்பியது. கொஞ்சம் கழித்துத்தான் அது அப்பா என்று புரிந்தது.

எங்கள் வீட்டில் முழுக் கண்ணாடி கிடையாது. மிச்சத் துண்டுகள்தான். சமையலறைத் துண்டில் நெற்றி தெரியும், கூடத்துத் துண்டில் தாடை. "என் மூஞ்சியை முழுசாப் பாக்கணும்னா ரெண்டு ரூம் நடக்கணும்," என்பாள் அம்மா. "அதான் உனக்கு உடம்பு ஏறலை," என்பார் அப்பா.

அவர் முன்னால் வருபவர்களுக்குப் பயந்ததில்லை, பின்னால் வருபவருக்குத்தான் பயந்தார். முன்னால் இருப்பதை நாம் பார்த்துக்கொள்ளலாம், பின்னால் இருப்பவன் நம்மைப் பார்க்க வேண்டும். தினமும் ஏற்றுவதற்கு முன்னால் பிரேக் லைட்டைச் சோதிப்பார். அவர் போன பிறகு வண்டி நின்றபடியே இருந்தது. ஒரு மழை பெய்தது. லைட் போயிற்று.

நான் லிஃப்டுகளுக்கான கன்ட்ரோல் பேனல் செய்யும் கம்பெனியில் வேலை செய்கிறேன். இரண்டு பல்பு எனக்குப் பொருட்டில்லை என்று நினைத்தேன். ஃபியூஸ் சரி. பல்புகளைக் கழற்றி பேட்டரியில் நேரடியாக வைத்தேன், எரிந்தன. அம்மாவை டிரைவர் சீட்டில் உட்காரவைத்து, மீட்டரோடு பின்னால் போனேன்.

"மிதிம்மா."

"மிதிச்சாச்சு."

"விடு."

"விட்டாச்சு."

"மறுபடி மிதி."

"ஒரு முடிவுக்கு வாடி. தையல் மிஷினைக்கூட நான் இப்படி மிதிச்சதில்ல."

பல்பு கழற்றிய ஹோல்டரில் மீட்டரை வைத்தால் பன்னிரண்டரை வோல்ட். கணக்குப்படி குறை ஒன்றுமில்லை. பல்பை மாட்டினால் இருட்டு. எர்த்தைச் சந்தேகிக்கவும் வழியில்லை, அதே எர்த்தில் பார்க்கிங் விளக்கு நன்றாக எரிகிறது. ஹோல்டரின் தொடுமுனைகளை உப்புத்தாளால் தேய்த்தேன். இருட்டு. புது ஹோல்டர் வாங்கிவந்து மாட்டினேன். அப்போதும் இருட்டு. மணி ஒன்று.

கண்ணாடியின் மறுமுனையைப் பிடிப்பவர் அதற்குள் வந்துவிட்டார். இருபது வருடமாக அப்பாவோடு இருந்தவர். வாயைத் திறந்தால் "மெதுவா, மெதுவா" என்பதால் அம்மா அவருக்கு வைத்த பெயர் மெதுவு. எனக்கு மாமா.

"ஊர்ல இருக்கிற லிஃப்டெல்லாம் மேலயும் கீழயும் போகுது," என்றார். "ரெண்டு பல்புகிட்ட உன் படிப்பு செல்லலியேம்மா."

"மாமா, அந்தக் கம்பளியை உதறுங்க."

"உதறியாச்சு. மெதுவாத்தான் உதறினேன்."

அம்மா டேஷ்போர்டு பெட்டியைத் துழாவி எதையோ நீட்டினாள். பழைய பல்பு ஒன்று, அதில் பற்றவைத்த இரண்டு வயர், ஒரு நுனியில் கிளிப். "அவர் இதை வெச்சுத்தான் பாப்பார். உன் மீட்டரு பொய் சொல்லுதோ என்னவோ."

மீட்டர் பொய் சொல்லாது என்று சொல்ல வாயெடுத்தேன். கிளிப்பை வண்டியின் அடிச்சட்ட இரும்பில் கடிக்கவிட்டு, மறுநுனியை ஹோல்டரில் வைத்தேன்.

"மிதி."

எரியவில்லை. அதே இடத்தில் மீட்டர் பன்னிரண்டரை காட்டியது.

கல்லூரியில் முதல் வருடப் பாடம் இது. மீட்டர் எடுப்பது துளி மின்சாரம். அந்தத் துளி ஒற்றை இழை வழியாகக்கூட வந்து சேரும், அளவு முழுதாகத் தெரியும். பல்பு கேட்பது நிஜமான மின்சாரம். கேட்ட உடனே வழி அடைபட்டு, அளவு விழுந்துவிடும். சுமை இல்லாமல் அளந்ததுதான் என் தப்பு. காலையிலிருந்து மூன்று மணி நேரம்.

ஆறு மாதம் முன்பு அப்பா ஈசிஜி எடுத்தார். படுக்கவைத்து எடுத்தது. படத்தைப் போனில் அனுப்பி, "சரியா இருக்கா பாரு," என்றார். கோடுகளைப் பார்த்தேன். எல்லாம் ஒழுங்காக இருந்தன. "நார்மல்ப்பா," என்று பதில் போட்டேன். முப்பது கிலோ கண்ணாடியின் ஒரு முனையைத் தூக்கிக்கொண்டு எடுத்த படமல்ல அது. எனக்கு அது தோன்றவில்லை.

வயர் போகும் வழியைத் தேடி வண்டிக்கு அடியில் போய்ப் படுத்தேன், எவ்வளவு நேரம் அப்படியே இருந்தேன் என்று தெரியாது. சேசிஸின் இரும்பு குளிர்ச்சியாக இருந்தது. சாலையில் போகிறவர்களின் கால்கள் மட்டும் தெரிந்தன, தண்ணீருக்கடியில் போவதுபோல் மெதுவாக. அவற்றில் ஒரு ஜோடி அப்பாவுடையதாக இருக்கும் என்று கொஞ்ச நேரம் நம்பினேன்.

"தூங்கிட்டியாடி? காலு மரத்துப்போச்சு எனக்கு."

"மிதி."

டெஸ்ட் பல்பு பெடல் சுவிட்சில் எரிந்தது. சேசிஸின் நடுவில் எரிந்தது. பின்சக்கரத்துக்கு மேலே எரியவில்லை. இரண்டு இடத்துக்கும் நடுவே வயரை விரலால் தடவிக்கொண்டே போனேன். ஒரு தடிப்பு தட்டியது. கறுப்பு டேப். பிரித்தேன். கையால் முறுக்கிய இணைப்பு, பற்றவைக்காதது. செம்பு பச்சை பூத்திருந்தது. ஓர் இழைதான் மிச்சம்.

"இது யாரு போட்டது?"

மாமா குனிந்து பார்த்தார். "அவர்தான். மரச்சட்டத்தைப் பெருசாக்கி லைட்டைப் பின்னாடி தள்ளினப்போ வயரு நீளம் பத்தலை. ஒரு வாரத்துக்குன்னு முறுக்கி விட்டாரு."

"எப்போ?"

"ஒன்பது வருஷம் இருக்கும்."

அம்மா டிரைவர் சீட்டிலிருந்தே சிரித்தாள். அவர் போன பிறகு முதல் தடவை. "கண்ணாடி ஓரத்தை ரெண்டு நாள் தேய்ப்பாரு. இதுக்கு ஒரு வாரம் குடுத்தாராம் ஒரு வாரம்," என்றாள். சிரிப்பு பாதியில் வேறாகிவிட்டது. மாமா கம்பளியை மறுபடி உதறப் போனார்.

பச்சையை வெட்டி எறிந்தேன். புது வயர் ஓரடி சேர்த்து, பற்றவைத்து, மழைத்தண்ணீர் போகாதபடி உறை போட்டேன். மணி மூன்று. அம்மா மிதித்தாள். இரண்டு பக்கமும் சிவப்பு. சுவரில் சாய்ந்திருந்த மூன்று கண்ணாடிகளிலும் சிவப்பு. பட்டறை முழுக்க எட்டு விளக்குகள் எரிந்தன. நான் சொல்லாமலே அம்மா விட்டு விட்டு மிதித்துப் பார்த்தாள்.

அப்பா பிடிக்கும் முனையை நான் பிடித்தேன். முப்பது கிலோ என்று கணக்குப் போட்டது வேறு, கையில் வாங்கியது வேறு. "அந்த மூலையைத்தான் அவரு போன அன்னைக்கும் தூக்கினாரு," என்றார் மாமா. "கம்பளியில இறக்கி வெச்சுட்டுத்தான் உக்காந்தாரு. ஒரு கீறல் விழல. மெதுவா, மெதுவா."

நான் ஓட்டினேன். பக்கத்தில் அம்மா. பின்னால் சட்டத்தைப் பிடித்தபடி மாமா. எங்கள் விளக்கு எரிவதை எங்களால் பார்க்க முடியாது. பின்னால் வந்த பஸ் ஒவ்வொரு தடவையும் நல்ல தூரத்திலேயே நின்றது. அதை வைத்துத்தான் தெரிந்துகொண்டேன். கடைத்தெருவில் இடதுபக்கம் திரும்பும்போது ஒரு பால்கனியில் நின்ற பெண் எங்களைப் பார்த்துத் தலைமுடியை ஒதுக்கிக்கொண்டாள்.

நாலரைக்கு மையத்தில் இறக்கினோம். சுவரில் இடுப்பு உயரத்தில் பிடிமானங்களைத் தயாராக வைத்திருந்தார்கள். மூன்றையும் நிறுத்தினோம். நடக்கப் பிடித்துக்கொள்ளும் இரண்டு கம்பிகளுக்கு நடுவே ஒரு பெரியவர் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

"எப்படிங்க இருக்கு?" என்று கேட்டார் பிசியோதெரபிஸ்ட்.

"மூஞ்சி பிரமாதமாத் தெரியுது. இந்த மூஞ்சியை வெச்சுக்கிட்டு நான் என்ன பண்றது? காலு தெரியணும்மா."

மாமா என்னைப் பார்த்தார். மூன்றையும் கழற்றினோம். பிடிமானங்களை இரண்டடி கீழே இறக்கித் துளை போட்டேன். மறுபடி தூக்கினோம். தரை தெரிந்தது, பெரியவரின் கால்கள் தெரிந்தன. இடது கால் கொஞ்சம் வெளிப்பக்கம் திரும்பியிருந்தது. அவர் அதைப் பார்த்துத் திருத்திக்கொண்டார்.

நாங்கள் தளவாடங்களை எடுத்துக்கொண்டு கிளம்பும்போது பெரியவர் நாலாவது அடி எடுத்துவைத்துக்கொண்டிருந்தார்.