சாந்து வைக்காத சுவர்

"சாந்து வெக்காத சுவரு எங்கடி நிக்கும்? படத்துல வேணா நிக்கும்."

நான் பத்தாம் வகுப்பு படிக்கும்போது அம்மா சொன்னது இது. திண்டிவனம் நூலகத்திலிருந்து எடுத்து வந்த புத்தகத்தில் பெரு நாட்டு மலைகளின் படம் இருந்தது. மேகத்துக்குள் இன்கா மக்கள் கட்டிய ஒரு மதில். ஆள் உயரத்துக்கு ஒரு கல். கல்லுக்கும் கல்லுக்கும் நடுவே எதுவுமே இல்லை. அம்மா சித்தாள். மல்லாட்டை, அதாவது நிலக்கடலை, போடும் மாதங்களில் எங்கள் கொல்லை நிலத்தில் இருப்பாள். மற்ற மாதங்களில் விழுப்புரம், வளவனூர் என்று எங்கே வீடு எழும்புகிறதோ அங்கே சாந்துச்சட்டி சுமப்பாள்.

எங்கள் வீட்டில் முதன்முதலாகப் பள்ளிக்கூடம் போனவள் நான். மருந்துச்சீட்டு, நிலப் பத்திரம், பஸ்ஸின் பெயர்ப்பலகை என்று எதை நான் படித்துச் சொன்னாலும் அம்மாவுக்கு அதுதான் முடிவு. அந்த ஒரு பக்கத்தை மட்டும் அவள் நம்பவில்லை. அது எனக்கு ஆறவே இல்லை.

சென்னையில் வேலை கிடைத்து, சேர்ந்திருந்த விடுமுறையை எல்லாம் எடுத்துக்கொண்டு பெருவுக்குப் புறப்பட்டேன். அம்மா தன் கொண்டையிலிருந்து ஓர் ஊசியை உருவிக் கொடுத்தாள். "கல்லு சந்துல இத வுட்டுப் பாரு. உள்ள போவும்." கிண்டல்தான். ஆனாலும் அதைக் கைப்பையின் உள்ளறையில் வைத்துக்கொண்டேன்.

குஸ்கோ நகரம் பதினோராயிரம் அடிக்கு மேலே இருக்கிறது. முதல் இரண்டு நாள் எனக்கு உடம்பு என்று ஒன்று இருந்ததாகவே நினைவில்லை. தலை மட்டும் பஞ்சு போல மிதந்தது. உயரத்து மயக்கத்துக்கு நல்லதென்று விடுதிக்கார அம்மாள் கோக்கா இலை போட்ட வெந்நீரைத் தந்துகொண்டே இருந்தார். சந்தையில் இரட்டைப் பின்னலும் தொப்பியுமாக ஒரு பெண் மல்லாட்டையைக் குவித்து வைத்து "மனி, மனி" என்று விற்றாள். நம்மூர் மல்லாட்டை மூட்டைகளில் 'மணிலா' என்று எழுதியிருப்பது ஞாபகம் வந்து, எந்த ஊரில் நிற்கிறேன் என்பதே கொஞ்ச நேரம் பிடிபடவில்லை.

மூன்றாம் நாள் காலையில், புத்தகப் படத்தில் இருந்த, ஊருக்கு மேலே இருக்கும் சக்சைவாமன் மதிலைப் பார்க்க ஏறினேன். எங்கள் ஊர்ப் பக்கத்துப் பனமலைக் கோயிலுக்கு ஒரே ஓட்டமாக ஏறிய கால்கள் இங்கே பத்துப் படிக்கு ஒரு தடவை நின்றன. மூச்சு உள்ளே போனது, ஆனால் அதில் ஒன்றும் இல்லை. திரும்பிவிடலாம் என்று உட்கார்ந்துவிட்டேன். கீழே ஓட்டுக் கூரைகளின் மேல் மேகம் படுத்திருந்தது. ஒட்டகம் போலக் கழுத்து நீண்ட ஒரு லாமா வந்து நின்று, அசைபோட்டபடி என்னையே பார்த்தது. எவ்வளவு நேரம் அப்படி இருந்தேனோ தெரியாது. தண்ணீர் பாட்டிலுக்காகப் பையைத் துழாவியபோது ஊசி விரலில் குத்தியது. எழுந்து நடந்தேன்.

புல்வெளி முடியும் இடத்தில் மதில் இருந்தது. ஏரியில் நெருக்கியடித்துப் படுத்த எருமைகள் மாதிரி கற்கள்; ஒன்றின் வளைவில் இன்னொன்றின் தோள். வெயில் ஏற ஏற அவை மெல்ல மூச்சு விடுவது போலவும், கூர்ந்து பார்த்தால் நிறுத்திக்கொள்வது போலவும் இருந்தது. ஊசியைக் கையில் எடுத்தேன். அப்போதுதான் குறுக்கே கட்டியிருந்த கயிறும், தொடக் கூடாது என்ற பலகையும், பக்கத்தில் காவலாளி நிற்பதும் கண்ணில் பட்டன.

அம்மாவுக்கு வீடியோ கால் போட்டேன். அங்கே சாயங்காலம், வேலை முடிந்து முகம் கழுவி உட்கார்ந்திருந்தாள். ஊசியை வைத்துப் பார்க்க விடமாட்டார்கள் என்றதும் சிரித்தாள். பிறகு போனைக் கிட்டே கொண்டுபோகச் சொன்னாள். இடது பக்கம் காட்டச் சொன்னாள், மேல் வரிசை, மறுபடியும் கீழ் வரிசை என்று மேஸ்திரி மாதிரி வேலை வாங்கினாள். அப்புறம் திரை முழுக்க அவள் கண் மட்டும் தெரிந்தது.

"உள்ளாற சாச்சுக் கட்டிகீறாங்க," என்றாள். "நீ பாக்கலியா?"

நான் பார்க்கவில்லை. எத்தனையோ படித்துவிட்டு வந்தும் பார்க்கவில்லை. பின்னால் தள்ளி நின்று பார்த்தேன். மதில் முழுவதும் மலையின் பக்கமாகக் கொஞ்சம் சாய்ந்திருந்தது, களைத்தவர் சாய்வதைப் போல. நம் ஏரிக்கரைக் கல்லுக்கட்டும் இப்படித்தான் மண்ணின் மேல் சாய்ந்து நிற்கும் என்று அம்மா சொல்லிக்கொண்டே போனாள். அப்படியென்றால் இப்போது நம்புகிறாயா என்று கேட்டேன்.

"இப்பவும் படத்துலதான காட்டுற. கிட்ட நின்னு பாத்தாதான் சொல்லுவேன்."

ஊர் திரும்பியதும் ஊசியை அவளிடம் கொடுத்தேன். மறுபடியும் கொண்டையில் செருகிக்கொண்டாள். அந்த வாரமே அவளுக்குப் பாஸ்போர்ட் விண்ணப்பம் போட்டேன். பாஸ்போர்ட்டுக்குக் கைரேகை பதிய வேண்டும், அதுதான் கவலை. ரேஷன் கடை இயந்திரம் அவள் விரலை முதல் தடவையில் எடுத்ததே இல்லை. சிமெண்ட் ரேகைகளை அரித்துவிட்டது. கொஞ்ச நாள் சாந்து தொடாமல் தேங்காய் எண்ணெய் தடவி வந்தால் ரேகை எழும்பும் என்று கூட வேலை செய்யும் பெண்கள் சொன்னார்கள். பன்னிரண்டு நாளாக அம்மா சாந்துச்சட்டியைத் தொடவில்லை. சாந்து இல்லாத சுவரைப் பார்க்கப் போவதாக மேஸ்திரியிடம் சொல்லியிருக்கிறாள். வரும் செவ்வாய்க்கிழமை காலை ஒன்பதரைக்குப் பாஸ்போர்ட் அலுவலகத்தில் எங்களுக்கு நேரம் வாங்கிவிட்டேன்.