பங்குக் கிணற்றில் மிச்சம் விட்ட தண்ணீர்

எங்கள் தோட்டக் கிணறு எனக்கும் என் மனைவியின் தமையனான மச்சானுக்கும் பொதுவானது. ஒரு நாள் என் முறை, மறுநாள் அவன் முறை. தன் முறையில் அடி தெரிய இறைப்பதுதான் ஊர் வழக்கம். மிச்சம் விட்டவனைப் பங்கை விட்டவன் என்று பார்ப்பார்கள். கடல் கூப்பிடு தூரத்தில் இருக்கிறது. கிணற்றை ஒட்ட இறைத்தால் அது கீழால் உள்ளே வந்துவிடும். உள்ளே வர அதற்குக் காணி உறுதிப் பத்திரம் எழுதத் தேவையில்லை.

விவசாயப் போதனாசிரியையாக வந்த இளம் பெண், சொட்டு நீர்க் குழாய் போட்டு, கிணற்றில் பாதித் தண்ணீரை மிச்சம் விடவேண்டும் என்றார். எனக்குப் பெண்களோடு கதைக்கக் கூச்சம். மறுக்க வாய் வராமல் தலையாட்டினேன். அப்படித்தான் ஊரின் முன்மாதிரி விவசாயி ஆனேன்.

குழாய் துளித் துளியாக விடுவதைப் பார்த்துவிட்டு மச்சான் கேட்டான்: "என்ன, வெங்காயத்துக்குச் சேலைன் ஏத்துறியோ?"

நான் மிச்சம் விட்டதையும் சேர்த்து அவன் சேறு வரும்வரை இறைத்தான். மழை பிந்தியது. பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்தோம். பிள்ளையார் தேங்காயோடு பேசாமல் இருந்துவிட்டார். தண்ணீர் உவர்த்தது. மச்சான் ஒரு வாய் குடித்து, முகம் கோணியபடி, நல்ல தண்ணீர்தான் என்றான்.

என் வெங்காயத் தாள் நுனி மஞ்சளானது. இது போனால் அடுத்த போகத்துக்கு விதை வெங்காயமும் இல்லை. பாதியோடு நிறுத்தும்படி தன் அண்ணனிடம் சொல்லச் சொல்லி மனைவி நச்சரித்தாள். சொல்லவேண்டியதை வாழை மரத்திடம் சொல்லிப் பழகினேன். வாழை உடனே ஒத்துக்கொண்டது.

மச்சானிடம் வாய் வராது என்று தெரிந்ததால், அவன் முறையன்று விடியவே போய், பம்பின் குழாயைக் கிணற்றின் பாதி ஆழத்துக்குத் தூக்கிக் கயிற்றால் கட்டிவிட்டேன். அவன் வந்து இறைத்தான். தண்ணீர் பாதிக்கு இறங்கியதும் பம்ப் காற்றை இழுத்து இருமியது.

"ஆர் உதைக் கட்டினது?"

"நான்தான். அதுக்குக் கீழை உப்பு. உன்ரை வெங்காயத்தையும் ஒருக்காப் போய்ப் பார்."

போய்ப் பார்த்தான். என்னைவிட அதிகம் இறைத்தவன் அல்லவா, அவனுடையது பாதித் தாள் வரை கருகியிருந்தது. திரும்பி வந்து முதலில் கடலைத் திட்டினான், பிறகு அரசாங்கத்தை, பிறகு என்னை. ஆறியதும் குனிந்து கயிற்றைப் பிடித்தான்.

"உந்த முடிச்சு ஆடு கட்டவும் உதவாது."

அவிழ்த்து, அதே உயரத்தில், இறுக்கிக் கட்டினான்.