ஊ சுப்பையா அந்த ரயிலில் ஏறினார்

ஊ சுப்பையா சொல்லிவந்த ரயில் கதையை நான் ஒருநாளும் நம்பியதில்லை என்று யாங்கோனில், நம் பபேடான் பகுதியில் சிலர் பேசிக்கொள்கிறார்கள். நம்பாததால்தான் இத்தனை வருடம் அவரைக் குறுக்கு விசாரணை செய்தேனாம். இது தவறு. அஞ்சலிக்கு முன் இந்தத் திருத்தம் வர வேண்டும் என்பதால் முதலில் எழுதுகிறேன்.

அவர் மறைந்த செய்தி ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் வந்தது. ஞாயிறு காலை அவர் வீடிருந்த தாகேதாவிலிருந்து தொலைபேசி வந்தால், "பொறப்பட்டாச்சா அக்கா?" என்ற அவர் குரல்தான் கேட்கும். அன்று பேசியது அவர் மனைவி மரகதம். "அக்கா, இன்னிக்கு அவரு வரமாட்டாரு" என்றார். நான் கைப்பையைத் தோளில் மாட்டியபடியே நின்றிருந்தேன். அதைக் கழற்றி வைக்க வேண்டும் என்பதுகூட வெகுநேரம் தோன்றவில்லை.

காரியங்கள் முடியும் முன்பே நம் சங்கத்தின் அறிவிப்புப் பலகையில் ஒரு தாள் ஏறிவிட்டது. 'ஜெட் ரயிலில் சென்றதாகக் கற்பனைக் கதை சொல்லி எல்லோரையும் சிரிக்க வைத்த அன்பர்' என்று அதில் எழுதியிருந்தது. இதே வரிதான் ஆண்டு மலரிலும் வரப்போகிறது என்றார்கள். செயலாளரிடம் போய்க் கேட்டேன்.

"நீங்களே நம்பலியே ஆன்ட்டி! வருஷா வருஷம் எந்திரிச்சு நின்னு கேள்வி கேட்டது யாரு?" என்றார் அவர்.

மரகதம் அந்தத் தாளைப் படித்துவிட்டார். அவர் பேத்திக்குத் தமிழ் புரியும், படிக்க வராது. யாரோ பர்மியத்தில் பெயர்த்துச் சொல்லியிருக்கிறார்கள். கல்லூரி முடித்து வேலைக்குப் போகும் பெண் அவள். துக்க வீட்டில் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, "தாத்தா பொய்யா சொன்னாங்க ஆன்ட்டி? ஹொக்லா?" என்றாள். மெய்தானா என்று அர்த்தம். கூட்டத்தின் நடுவே சொல்லி முடிக்கிற பதில் அல்ல அது. இப்போது சொல்கிறேன்.

ஊ சுப்பையாவை அறியாதவர்களுக்கு: 'ஊ' என்பது 'ஐயா' போன்ற பர்மிய மரியாதைச் சொல். இன்செய்ன் ரயில்வே லைன் வீட்டில் பிறந்தவர். அவர் தந்தையும் ரயில்வேயில் ஃபிட்டர்தான். எஞ்சின் ஷெட்டில் இளவயதிலேயே சேர்ந்தார். டீசல் எஞ்சின் பழுதுபார்க்கும் பயிற்சிக்குச் சிலரை பிரான்சுக்கு அனுப்பியபோது அவரும் தேர்வானார். என் கணவரும் நானும் ரயில்வே அலுவலகத்தில் வேலை பார்த்தோம். என் வேலை தட்டச்சு. பயணத்துக்கான தாள்களை நான்தான் அடித்தேன். ஆகவே அவர் பிரான்சுக்குப் போனார் என்பதில் யாருக்கும் சந்தேகம் வேண்டாம்.

அந்தக் காலத்தில் பாரிஸிலிருந்து கடற்கரை ஊர்களுக்கு டர்பைன் ரயில்கள் ஓடின. ஹெலிகாப்டருக்கென்று செய்த எந்திரத்தைப் பயணிகள் ரயிலில் வைத்திருந்தார்கள். விடுமுறை நாளொன்றில் அவர் அதில் ஏறினார். திரும்பி வந்து ஷெட்டில் ஆயுத பூஜையன்று எல்லோர் முன்னிலையிலும் அதைச் சொன்னார்.

"நானே ஓட்டினேன்! ரயில் பறந்துச்சு!"

நான் எழுந்தேன். கான்வென்ட்டில் எங்கள் கட்டுரைகளில் 'வெரி' என்ற ஆங்கில மிகைச்சொல்லைக் கண்டாலே சிஸ்டர்கள் சிவப்பு மையால் அடித்துவிடுவார்கள். அப்படி வளர்ந்தவள் நான். "எதைப் பிடித்து ஓட்டினீர்கள்?" என்று கேட்டேன். ஷெட்டே சிரித்தது. என் கணவர் என் சேலைத் தலைப்பை இழுத்து உட்காரச் சொன்னார். சுப்பையா மட்டும் சிரிக்கவில்லை. யோசித்தார்.

"ஓட்டல அக்கா. ஓட்டுறவரு பின்னால நின்னேன்" என்றார்.

அடுத்த ஆயுத பூஜையில் ரயில் மீண்டும் பறந்தது. "ரயில் பறக்காது" என்றேன். அதற்கடுத்த ஆண்டு அது பறக்கவில்லை. வேகமாக மட்டும் போனது. வழி முழுக்க எஞ்சின் அறையில் நின்றதாக முதலில் சொன்னவர், அடுத்த நிலையம் வரைதான் நின்றேன் என்று பிறகு திருத்தினார். இப்படியே போயிற்று. பொய் சொல்கிறவரின் கதை ஆண்டுக்கு ஆண்டு கொழுக்கும். இவருடைய கதை இளைத்துக்கொண்டே வந்தது. நான் நம்பியதற்குக் காரணம் அதுதான். நம்பாத கதையைச் செதுக்க எனக்கு நேரமில்லை.

எத்தனை கேட்டும் அவர் விட்டுக்கொடுக்காதவையும் இருந்தன. ஒன்று சத்தம். "தடக் தடக்னு இல்ல அக்கா. ஒரே இழுப்பு. சங்கு ஊதுற மாதிரி. ஊதுறவருக்கு மூச்சே முட்டல." இன்னொன்று வாசனை. பிளாட்பாரத்தில் அந்த ரயிலருகே நின்றபோது தம் தாயாரின் மண்ணெண்ணெய் அடுப்பு நினைவு வந்து கண் கலங்கியதாகச் சொல்வார். "அந்த ரயிலுக்கு ஊற்றியது மண்ணெண்ணெயா, டீசலா?" என்று கேட்டேன். "மூக்குதான் சொல்லுது அக்கா. அதுக்கு அவ்வளவுதான் தெரியும்" என்றார். அதை ஏற்றுக்கொண்டேன்.

எலுமிச்சம்பழச் சம்பவம் நடந்ததும் அன்றுதான். நம் ஷெட்டில் எந்த எஞ்சினும் முனீஸ்வரரைக் கும்பிட்டு, சக்கரத்தடியில் பழம் வைக்காமல் வெளியே போகாது. சுப்பையா அதே பழக்கத்தில், பாரிஸில் கடைவீதியில் பழம் வாங்கிவந்து, பிளாட்பாரத்திலிருந்து குனிந்து டர்பைன் ரயிலின் முன்சக்கரத்தில் வைக்கப் போயிருக்கிறார். விசில் ஊதினார்கள். இரண்டு பேர் அவர் கையைப் பிடித்துத் தூக்கினார்கள். ஊருக்குத் திருப்பி அனுப்பிவிடுவார்கள் என்று நடுங்கிவிட்டார். உடன் வந்த மொழிபெயர்ப்பாளர், உள்ளே இருப்பவர்கள் பத்திரமாகப் போய்ச் சேரத்தான் இது என்று விளக்கிய பிறகு, ஓட்டுநர் கீழே இறங்கி வந்து பழத்தைப் பார்த்தார். சுப்பையாவை எஞ்சின் அறைக்கு அழைத்துப் போனார். "சக்கரம் ஏறிப் பழம் சப்புன்னு நசுங்குச்சு" என்று கதை முடியும். ஷெட்டில் கைதட்டுவார்கள். இந்த ஒன்றை நான் கேள்வி கேட்டதில்லை. எஞ்சின் அறைக்குள் நின்றவருக்குச் சக்கரத்தடியில் நசுங்கியது எப்படித் தெரியும் என்று கேட்டிருக்க வேண்டும்.

என் கணவர் காலமான பிறகு நான் கதவைத் திறப்பதை நிறுத்திவிட்டேன். ஆறுதல் சொல்ல வந்தவர்கள் வெளியே நின்று சொல்லிவிட்டுப் போனார்கள். ஒரு ஞாயிறு காலை சுப்பையாவும் மரகதமும் வந்து கதவைத் தட்டினார்கள்.

"அக்கா, வட்ட ரயில்ல ஒரு சுத்து போய்ட்டு வருவோம். சேலைய மாத்துங்க."

"எங்கே போவதற்கு?"

"எங்கயும் இல்ல. பொறப்பட்ட எடத்துக்கே வந்துரும்."

போனேன். யாங்கோனைச் சுற்றிவரும் அந்த ரயிலை நடந்தே முந்திவிடலாம் என்று சொல்வார்கள், பெரும்பாலும் உண்மை. கீரைக்கட்டுகளும் கோழிக்கூடைகளும் ஏறி இறங்கிக்கொண்டிருக்க, சுப்பையா எதிரில் உட்கார்ந்து தம் டர்பைன் ரயிலை முதலிலிருந்து சொன்னார். நான் பேசாமலிருந்தேன். "நானே ஓட்டினேன்" என்றார். என்னால் பொறுக்க முடியவில்லை. "அதை எப்போதோ விட்டுவிட்டீர்களே!" என்றேன். மரகதம் சிரித்துவிட்டார். "அக்கா வாயத் தொறந்துட்டாங்க" என்று கணவரின் தொடையில் தட்டினார். என்னைப் பேச வைப்பதற்காகவே அவர் அந்தப் பழைய பொய்யை மீண்டும் எடுத்தார் என்பது வீடு திரும்பிய பிறகுதான் எனக்கு விளங்கியது. அன்று முதல் ஞாயிறுதோறும் போனோம். நான் இன்று உங்கள் நடுவே நடமாடுகிறேன் என்றால் அதற்கு இவர்கள் இருவரும்தான் காரணம். இந்த நன்றியை அவரிடம் நேரில் சொல்லியிருக்கிறேன். "சும்மா இருங்க அக்கா" என்றார்.

அந்த டர்பைன் ரயில்களை நிறுத்திவிட்டார்கள் என்பது வட்ட ரயிலில் ஏறிய ஒரு பிரெஞ்சுப் பயணி சொல்லித்தான் அவருக்குத் தெரிந்தது. எண்ணெய் அதிகம் குடிக்கும் வண்டி. எண்ணெய் விலை ஏறியபின் கட்டுப்படியாகவில்லை. அன்று வாங்கிய தேநீரை அவர் குடிக்கவில்லை. "நான் ஏறினத இனிமே யாரும் போய்ப் பாத்துட்டு வரமுடியாது. நீங்க கேட்டுக் கேட்டு வச்சதுதான் மிச்சம்" என்றார். கேள்வி கேட்டவள்மீது அவருக்கு வருத்தம் இருந்ததில்லை என்பதற்கு இதற்கு மேல் சான்று தேவையில்லை.

கடைசியாக அவர் ரயிலுக்கு வந்த ஞாயிறன்று, உடம்பு மிகவும் தளர்ந்திருந்தது. மரகதத்தின் தோளில் சாய்ந்தபடி சொன்னார்:

"அக்கா, ஒண்ணு பாக்கி இருக்கு. பழம் நசுங்கல."

"பிறகு?"

"அந்த ஓட்டுறவரு அதை எடுத்து என் கையில குடுத்துட்டாரு. என் சட்டைப் பையிலதான் இருந்துச்சு. பழம் இல்லாமலே வண்டி போச்சு. நல்லபடியாத்தான் போய்ச் சேந்துச்சு."

"இதை ஏன் இத்தனை நாள் சொல்லவில்லை?"

"ஷெட்டுல சொன்னா, பழம் எதுக்குன்னு விட்டுருவானுங்க அக்கா. முனீஸ்வரருக்கு நான் என்ன பதில் சொல்றது? நான் போனப்புறம் நீங்க சொல்லிருங்க."

சொல்லிவிட்டேன். தம்மைப் பற்றிய மிகைகளை எல்லாம் ஒவ்வொன்றாக விட்டுக்கொடுத்தவர், சாமிக்காக ஒன்றை மட்டும் வைத்திருந்தார். அதையும் இப்போது கழித்தாகிவிட்டது. மீதமுள்ளது மெய். அவர் பேத்தி இதை யாரிடமாவது படிக்கச் சொல்லிக் கேட்கட்டும்.

சென்ற ஞாயிறு மரகதத்தை அழைத்துக்கொண்டு வட்ட ரயிலுக்குப் போனேன். கைப்பையில் ஓர் எலுமிச்சம்பழம் இருந்தது. "வைக்கலியா அக்கா?" என்று மரகதம் கேட்டார். அதை எடுத்து அவர் கையில் கொடுத்தேன். எங்கள் எதிர் இருக்கையில் யாரோ கோழிக்கூடையை வைத்தார்கள். ரயில் மெதுவாகப் புறப்பட்டது. மரகதம் பழத்தை மடியில் வைத்து, இரண்டு கைகளாலும் மூடிக்கொண்டிருந்தார். நல்லபடியாகப் போய்ச் சேருங்கள், சுப்பையா.

சங்கச் செயலாளர் அவர்களுக்கு: பலகையிலுள்ள தாளை எடுத்துவிட்டு, ஆண்டு மலரில் அந்த வரிக்குப் பதிலாக 'டர்பைன் ரயிலில் பயணம் செய்தவர்' என்று அச்சிட வேண்டும். செய்வீர்களா, மாட்டீர்களா என்பதை எனக்கு எழுத்து மூலம் தெரிவிக்கவும். வாய்வழிப் பதில் வேண்டாம்.

ராஜம் கோபால்