காவலாளியை மாமா என்று கூப்பிட்ட பிள்ளை

ஹோட்டலில் காவல் நிற்கிறவரை மாமா என்று கூப்பிடக் கூடாது என்று எனக்கு யாரும் சொல்லித் தந்ததில்லை. நானும் என் மகளுக்குச் சொல்லித் தரவில்லை. பஸ்கார மாமா, பாண்கார மாமா, ஸ்கூல் கேட் மாமா என்று கூப்பிட்டு வளர்ந்தவள் அவள். பெரியவர்களிடம் வாயைத் திறந்தால் முதலில் முறை சொல்லிக் கூப்பிட வேண்டும் என்று பழக்கியவள் நான்தான். அந்த மரியாதை ஒரு சொகுசு ஹோட்டலின் நீச்சல் குளத்திலிருந்து அவளை வெளியே தள்ளப் போதுமானதாக இருந்தது.

வெளிநாட்டில் இருக்கும் என் அண்ணன் குடும்பத்தோடு விடுமுறைக்கு வந்திருந்தார். ஹட்டனில் எங்கள் வீட்டில் எல்லோரும் படுக்க இடமில்லை என்று, தலவாக்கலைக்கு அப்பால் ஒரு தேயிலைத் தோட்டத்து மலையில் இருக்கும் ஹோட்டலில் அறை எடுத்தார். எங்களையும் கூட்டிப் போனார். என் கணவருக்கு வேலையில் லீவு கிடைக்கவில்லை. நானும் மகளும் போனோம்.

பழைய துரை பங்களாவைச் சுற்றி இன்னும் கட்டி ஹோட்டலாக்கியிருந்தார்கள். வரவேற்பறையில் கொழுந்துக் கூடைகளைக் கவிழ்த்து விளக்குக்கு மூடியாகத் தொங்கவிட்டிருந்தார்கள். சுவர் முழுக்கக் கொழுந்து எடுக்கும் பெண்களின் படங்கள். எல்லோரும் சிரிக்கிறார்கள், ஒருத்தி காலிலும் அட்டை கடித்த அடையாளம் இல்லை. காலைச் சாப்பாட்டு முற்றத்துக்குப் 'பெரட்டுக்களம்' என்று பெயர் வைத்து, அதை ஆங்கில எழுத்தில் எழுதியிருந்தார்கள். அண்ணனும் நானும் வட்டவளையில் தோட்டத் தொழிலாளர்களின் லயத்துக் காம்பரா ஒன்றில் பிறந்தவர்கள். விடியக்காலையில் மழையில் நனைந்துகொண்டு பெரட்டுக்களத்தில் நின்று அன்றைய வேலைக்குப் பேர் கொடுத்தவர் எங்கள் அப்பா. அந்தப் பெயருள்ள இடத்தில் உட்கார்ந்து பப்பாளித் துண்டை முள்ளுக்கரண்டியால் குத்திச் சாப்பிடுவார்கள் என்று யாராவது சொல்லியிருந்தால் அவர் நம்பியிருக்க மாட்டார். அண்ணன் அந்தப் பலகைக்குக் கீழே நின்று படம் எடுத்துக்கொண்டார்.

மாலையில் கீழ்த் தோட்டத்திலிருந்து சில பெண்களைப் புல்வெளிக்கு வரவழைப்பார்கள். கூடையை மாட்டிக்கொண்டு விருந்தினர்களோடு நிற்பது அவர்கள் வேலை. படம் எடுத்து முடிந்ததும் பின்வாசல் வழியாக அனுப்பிவிடுவார்கள். அந்த நேரம் தவிர அவர்கள் உள்ளே வரக் கூடாது. விருந்தினர் அல்லாதோர் நுழையத் தடை என்ற பலகையைப் பின்வாசலில்தான் பார்த்தேன். அந்த ஹோட்டலில் தமிழில் எழுதியிருந்த ஒரே பலகை அது.

போனவுடன் எங்கள் எல்லோருடைய மணிக்கட்டிலும் பச்சைக் காகிதப் பட்டை ஒன்றை ஒட்டினார்கள். கொழும்பிலிருந்து வந்த இளம் மேனேஜர் ஆங்கிலத்தில் விளக்கினார். பக்கத்து லயங்களின் பிள்ளைகள் தேயிலைக்குள் புகுந்து வந்து குளத்தில் இறங்கிவிடுகிறார்களாம். விருந்தினர்கள் முறைப்பாடு செய்கிறார்களாம். "உங்கள் நிம்மதிக்காகத்தான் இது" என்றார். குளத்தில் இறங்குகிற லயத்துப் பிள்ளையால் என் நிம்மதி எப்படிக் கெடும் என்று நான் கேட்கவில்லை. அண்ணனின் விருந்தாளியாகப் போயிருந்தேன்.

என் மகள் அந்தப் பட்டையைக் கண்ணாடி வளையலைப் போலப் பார்த்துக்கொண்டிருந்தாள். வகுப்பில் காட்ட வேண்டுமாம். நனைந்தால் கிழிந்துவிடும் என்று மறுநாள் காலையில் மெதுவாகக் கழற்றிப் பையின் உள்ளறையில் வைத்துவிட்டுத்தான் குளத்துக்கு வந்தாள். அண்ணன் மகள் தன்னுடையதை அரிக்கிறது என்று பிய்த்து எறிந்திருந்தாள். ஆக, குளத்தில் இருந்த இரண்டு பிள்ளைகள் கையிலும் பட்டை இல்லை. அண்ணன் மகள் நீச்சல் உடையில் இருந்தாள். என் மகளிடம் அப்படி ஒன்று இல்லாததால், பழைய மஞ்சள் டீ-ஷர்ட்டும் முழங்கால் வரைக்கும் லெக்கின்ஸும் போட்டிருந்தாள்.

எனக்கு நீந்தத் தெரியாது. அதனால் குளத்தின் ஓரத்தை விட்டு நகரவே மனமில்லாமல் உட்கார்ந்திருந்தேன். சூடேற்றிய தண்ணீர் அது. மேலே ஆவி, அதற்கு மேலே பனிமூட்டம். பிள்ளைகளின் தலை மட்டும் அப்பப்போ தெரியும். மாற்று உடை எடுக்க அறைக்குப் போகும்போது அண்ணியிடம் சொல்லிவிட்டுத்தான் போனேன். அண்ணி போனில் முகம் புதைத்தபடி, "சரி, நான் பாத்துக்கிறேன்" என்றார்.

மறுகோடியில் இருந்த அறைக்குப் போய்த் திரும்பி வந்தபோது அண்ணன் மகள் மட்டும் மிதந்துகொண்டிருந்தாள்.

"தங்கச்சி எங்க?"

அவள் சுற்றிலும் பார்த்தாள். தெரியாது என்று தோளைக் குலுக்கினாள். அண்ணி போனிலிருந்து நிமிர்ந்து, "இங்கதானே இருந்தா" என்றார். குளத்தின் ஓரத்தில் என் மகளின் செருப்பு கிடந்தது. தண்ணீரின் அடி தெரியவில்லை.

நான் குளத்தின் ஒரு பக்கத்திலிருந்து இன்னொரு பக்கத்துக்கு ஓடினேன். பேரைச் சொல்லிக் கூப்பிட்டேன். ஆவியைக் கையால் விலக்கிப் பார்க்க முயன்றேன். யாரோ ஒரு வெயிட்டர் உடுப்போடு உள்ளே இறங்கினார். மேனேஜர் வந்தார். வந்தவர் என்னிடம் கேட்ட முதல் கேள்வி, "பிள்ளை கையில் பட்டை இருந்ததா?"

பிள்ளை தண்ணீருக்கு அடியில் இருக்கிறாளா என்று தேடுகிற இடத்தில் அவருக்குத் தேவைப்பட்டது அதுதான். பட்டை இருந்தால் ஒரு விதமாகவும், இல்லாவிட்டால் வேறு விதமாகவும் மூழ்குவார்களோ என்னவோ.

அப்போது அவர் இடுப்பில் இருந்த வாக்கி-டாக்கி சிங்களத்தில் பேசியது. பின்வாசலில் ஒரு தோட்டத்துப் பெண் சத்தம் போடுகிறாள், உள்ளே விடச் சொல்லிப் பிடிவாதம் பிடிக்கிறாள். "இப்போது முடியாது. திறக்காதே" என்று சொல்லிவிட்டு மேனேஜர் குளத்தின் பக்கம் திரும்பினார்.

"என்ன சத்தம்?" என்று கேட்டேன்.

"அது உங்களுக்கு அவசியமில்லை மேடம். வெளி ஆள்."

நான் பின்வாசலுக்கு ஓடினேன். ஏன் ஓடினேன் என்று தெரியாது. அந்த நேரத்தில் வேறு எங்கும் யாரும் சத்தம் போடவில்லை, அவ்வளவுதான்.

கம்பிக் கேட்டுக்கு வெளியே கொழுந்து எடுக்கிறவர்களைப் போல இடுப்பில் படங்குச் சாக்குக் கட்டிய ஒரு பெண் நின்றிருந்தார். உள்ளே, தொப்பி போட்ட காவலாளி. இருவருக்கும் ஏறத்தாழ ஒரே வயது. பேச்சைக் கேட்டால் ஒரே தோட்டத்துக்காரர்கள் என்றும் தெரிந்தது.

"எத்தன தடவ சொல்றது? போட்டோவுக்குச் சாயங்காலம் வா."

"போட்டோவும் வேணாம், ஒரு மண்ணும் வேணாம். உள்ள போயி அந்தப் புள்ளயோட அம்மாவக் கூப்புடுய்யா."

"எந்தப் புள்ள?"

"நீ வெளிய தள்ளுனியே, அந்தப் புள்ளதான். ஓட்டல்ல தங்கியிருக்காம். அழுதுகிட்டே சொல்லுது."

"அப்படித்தான் சொல்லும். போன வாரம் வந்ததும் சொன்னுச்சு. நம்ம புள்ளைங்களுக்குப் பொய்யா சொல்லித் தரணும்?"

"தொப்பிய மாட்டுனதும் கண்ணு அவிஞ்சு போச்சா ஒனக்கு? பல்லு தந்தியடிக்குது அதுக்கு."

"மஞ்சச் சட்டையா?" என்று நான் கம்பியைப் பிடித்துக்கொண்டு கேட்டேன்.

அந்தப் பெண் என்னைப் பார்த்தார். குரல் உடனே தணிந்தது. "நீங்கதான் அம்மாங்களா? பயப்படாதீங்க. புள்ள நல்லாருக்கு. புள்ளக்காம்பராவுல ஒக்கார வச்சிருக்கோம். தேத்தண்ணி குடுத்தாச்சு."

காவலாளியின் முகம் வெளுத்துவிட்டது. "மேடம், எனக்குத் தெரியாதுங்க" என்றார். "அந்தப் புள்ள என்னய மாமான்னு கூப்புட்டுச்சுங்க. ரூம்ல தங்குற புள்ளைங்க அப்படிக் கூப்புடாதுங்க."

"கேட்டைத் திறங்க."

"கெஸ்ட்டுங்க போறதுக்கு இந்தக் கேட்டு இல்லீங்களே. மேனேஜரக் கேட்டுட்டு…"

"திறங்க."

அவர் என் மணிக்கட்டைப் பார்த்தார். பச்சைப் பட்டை இருந்தது. அதைப் பார்த்த பிறகுதான் திறந்தார்.

அந்தப் பெண்ணுக்குப் பின்னால் தேயிலைக்குள் இறங்கினேன். கூடையைப் பாதியில் போட்டுவிட்டு, ஏற்றத்தில் மேலே ஓடி வந்திருக்கிறார். வெகுநேரமாகக் கேட்டில் நின்றிருக்கிறார். என் பிள்ளை உயிரோடு இருக்கிறாள் என்ற செய்தி அத்தனை நேரமும் அந்தக் கம்பிக்கு வெளியே நின்றிருக்கிறது. செய்தி கொண்டுவந்தவர் விருந்தினர் இல்லை என்பதால் உள்ளே விடவில்லை. உள்ளே நான் தண்ணீரில் பிணம் தேடிக்கொண்டிருந்தேன். இதற்குத்தான் பாதுகாப்பு ஏற்பாடு என்று பெயர்.

புள்ளக்காம்பராவில் சேலைத் தொட்டில்கள் தொங்கின. வேலைக்குப் போன தாய்மாரின் கைக்குழந்தைகள் அவற்றில் தூங்கிக்கொண்டிருந்தார்கள். பாயில், யாரோ ஒரு பெரிய மனுஷியின் சுவெட்டருக்குள் என் மகள் உட்கார்ந்திருந்தாள். தவழுகிற குழந்தையொன்று அவள் கால் பெருவிரலைப் பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தது. என்னைக் கண்டதும் அவள் எழுந்திருக்கவில்லை.

"அம்மா, துண்ட நான் எடுத்துட்டு வரலம்மா" என்றாள். "அந்த மாமா வாங்கிட்டாங்க."

நடந்தது இதுதான். குளத்தில் யார் கையிலும் பட்டை இல்லை என்று காவலாளி வந்து நின்றிருக்கிறார். அண்ணன் மகளிடம் கேட்க, அவள் ஆங்கிலத்தில் ஒரே வரி பதில் சொல்லிவிட்டு முங்கிவிட்டாள். அவளிடம் மறுபடியும் கேட்கவில்லை. என் மகள் கேட்காமலே தண்ணீரிலிருந்து ஏறி வந்து, "என்னாங்க மாமா?" என்றிருக்கிறாள். டீ-ஷர்ட்டைப் பார்த்திருக்கிறார். எந்த லயம் என்று கேட்டிருக்கிறார். இங்கேதான் தங்கியிருக்கிறோம், பட்டை ரூமில் இருக்கிறது என்று சொல்லியிருக்கிறாள். ரூம் நம்பர் கேட்டிருக்கிறார். அங்கே அறைகளுக்கு நம்பர் கிடையாது. செத்துப்போன துரைமார்களின் பெயர்கள். அந்தப் பெயர் அவள் வாயில் நுழையவில்லை. அவ்வளவுதான், கையைப் பிடித்துப் பின்வாசலுக்குக் கூட்டிப் போய்விட்டார். அம்மாவைக் கூப்பிடுங்க மாமா என்று வழியெல்லாம் சொன்னாளாம். ஒவ்வொரு தடவை மாமா என்று சொல்லும்போதும் அவருக்கு லயத்துப் பிள்ளை என்பது இன்னும் உறுதியாகியிருக்கும். போர்த்தியிருந்த துண்டு ஹோட்டலுடையது என்று கேட்டில் உருவிக்கொண்டாராம். அழுதுகொண்டே தேயிலைக்குள் இறங்கியவளைக் கண்டு கூட்டிப் போனவர் அந்தப் பெண்தான். அண்ணியும் இதைப் பார்த்திருக்கிறார். தலை நிமிர்ந்து பார்த்தபோது யாரோ ஒரு தோட்டத்துப் பிள்ளையை வெளியே கூட்டிப் போகிறார்கள் என்று நினைத்தாராம். அவரே சொன்னார், அதில் வெட்கப்பட எதுவும் இருப்பதாக அவருக்குத் தெரியவில்லை.

மேனேஜர் அலுவலகத்தில் எங்களுக்குக் கேக் வெட்டி வைத்திருந்தார்கள். அவர் மிகவும் வருந்துவதாகச் சொன்னார். ஆள் அடையாளத்தில் தவறு நேர்ந்துவிட்டதாம். காவலாளிமீது நடவடிக்கை எடுப்பாராம்.

"அவர் என்ன தவறு செய்தார்?" என்று கேட்டேன்.

"விருந்தினரை வெளியே அனுப்பிவிட்டார்."

"இவள் லயத்துப் பிள்ளையாக இருந்திருந்தால்?"

அவருக்குக் கேள்வியே விளங்கவில்லை. யோசித்துவிட்டு நேர்மையாகவே பதில் சொன்னார். "அப்படியென்றால் அது சரியான நடைமுறை, மேடம்."

ஈரத் துணியோடு, துண்டையும் பறித்துக்கொண்டு, ஒரு பத்து வயதுப் பிள்ளையைத் தனியாகப் பனிக்குள் தள்ளுவது சரியான நடைமுறை. அந்த மனிதர் நன்றாகப் படித்தவர், டை கட்டியிருந்தார், பற்கள் வெள்ளையாக இருந்தன. நான் கேக்கைத் தொடவில்லை. காவலாளிமீது நடவடிக்கை எடுத்தால் என்ன எழுதினீர்களோ அதை எனக்குக் காட்ட வேண்டும், தன் தோட்டத்துப் பிள்ளைகளையே விரட்ட அவருக்குச் சொல்லிக் கொடுத்தது யார் என்றும் அதில் எழுத வேண்டும் என்று மட்டும் சொன்னேன்.

அண்ணன் என்னை வெளியே கூட்டிப் போனார். "விடு தங்கச்சி. அவங்க மன்னிப்புக் கேட்டுட்டாங்கல்ல. ரூல்னு ஒன்னு இருக்கத்தானே வேணும்? இல்லன்னா எல்லாரும் வந்து எறங்கிருவாங்க."

"யாருண்ணே எல்லாரும்?"

அண்ணன் தலைக்கு மேலே அவர் படம் எடுத்துக்கொண்ட பெரட்டுக்களத்துப் பலகை இருந்தது. நான் அன்றைக்கே மகளைக் கூட்டிக்கொண்டு பஸ் ஏறினேன். சுவெட்டரைக் கழுவிக் காயவைத்து, அடுத்த ஞாயிற்றுக்கிழமை நாங்கள் இருவரும் போய் அந்தப் பெண்ணிடம் கொடுத்தோம். "இதுக்குப் போயி இம்புட்டுத் தூரம் வந்தீங்களாக்கும்" என்று திட்டிவிட்டுச் சாப்பிட வைத்துத்தான் அனுப்பினார். அங்கே எங்கள் கையை யாரும் பார்க்கவில்லை.

இதோடு முடிந்தது என்றுதான் நினைத்திருந்தேன். மகள் வகுப்பில் அந்தப் பட்டையைக் காட்டினாளா என்று கேட்டேன். இல்லை என்றாள். தூக்கிப் போட்டிருப்பாள் என்று விட்டுவிட்டேன்.

போன வாரம் ஹட்டன் டவுனில் புதிதாகத் திறந்திருக்கும், துணியும் காலணியும் விற்கிற பெரிய கடைக்கு அவளுக்குச் சப்பாத்து வாங்கப் போனோம். கண்ணாடிக் கதவு, வாசலில் தொப்பி போட்ட ஒருவர். கதவுக்கு முன்னால் அவள் என் கையை விட்டுவிட்டு நின்றாள். பையைத் திறந்து எதையோ எடுத்து மணிக்கட்டில் சுற்றினாள். பசை போய்விட்டதால் மறு கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டாள். பச்சை நிறம் கொஞ்சம் வெளுத்திருந்தது.

"இது எதுக்குடி இங்க?"

"கேட்டா காட்டலாம்ல" என்றாள்.

கதவைத் திறந்துவிட்டவர், "வாங்க பாப்பா" என்று சிரித்தார். அவள் அவரை நிமிர்ந்து பார்க்கவில்லை, மாமா என்று கூப்பிடவுமில்லை. பட்டையைப் பிடித்த கையை முன்னால் நீட்டிக்கொண்டே உள்ளே போனாள். நான் பின்னால் போனேன்.